முந்நூறு பேருக்கும் பத்தியம்

செருப்புத் தொழிற்சாலை கேண்டீனில் நான் பாத்திரம் கழுவச் சேர்ந்த முதல் மாதம், சோடாத் தூள் பட்டு என் கை இரண்டும் வெடித்துப் போயின. புதிதாகச் சேர்ந்தவள் வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்று பயம். ஆண்டவனிடம் மட்டும் சொன்னேன். ஒரு நாள் காலையில் தொட்டிக்கு மேலே கொக்கியில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை தொங்கியது. பக்கத்திலேயே சின்ன டப்பாவில் களிம்பு. என் கை சிறுபிள்ளை கை அளவுதான் இருக்கும். கையுறையோ அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. யார் வைத்தது என்று தலைமைச் சமையல்காரரைக் கேட்டேன்.

"எலி கொண்டுவந்து போட்டிருக்கும்" என்றார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த எலி மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுக் கையுறை கொண்டுவந்தது. ஒரு வருடம் கழித்து, "உங்க சமையல்காரர் இந்தத் தடவை வரவே இல்லையே, சின்ன சைஸ் எடுத்து வச்சிருக்கேன்" என்று மருந்துக் கடைக்காரர் என்னிடம் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. நான் சமையல்காரரைக் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. எல்லாருக்கும் அவர் கரண்டியார். கதவில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி ஒரு ஆள். முந்நூறு பேருக்குச் சமைத்தார். எந்தப் பாத்திரமும் அவர் ருசி பார்க்காமல் அடுப்பை விட்டு இறங்காது. கரண்டியால் மொண்டு இடது உள்ளங்கையில் ஊற்றுவார். முதலில் சூடு பார்ப்பார், பிறகு மோந்து பார்ப்பார், அப்புறம்தான் நாக்கு. மூன்றும் சரி என்றால் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகச் சமையலறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் காலையில் அதே மாதிரி கையில் சூப்பை ஊற்றிப் பார்த்துவிட்டு, "ஆறிக் கிடக்கு! அடுப்பை யாரு அணைச்சது?" என்று கத்தினார்.

"அண்ணே, கொதிக்குதே" என்றேன். பானை குமுறுவது எனக்குத் தொட்டியிலிருந்தே கேட்டது.

"எனக்கே சூடு சொல்லித் தர்றியா?" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். "ஜில்லுன்னு இருக்கு." கேஸ்காரன் உருளையில் காற்றை அடைத்துக் கொடுத்துவிட்டான் என்று அவன் ஏழு தலைமுறையையும் திட்டினார். மூன்றாவது கரண்டி ஊற்றும்போது நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உள்ளங்கை முழுக்கத் திராட்சை திராட்சையாய்க் கொப்புளம். அவர் அதை வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார்.

"வலிக்கலையே" என்றார். அன்றைக்கு அவர் குரலில் நான் முதல் தடவையாகப் பயத்தைக் கேட்டேன்.

அடுத்த சில மாதங்களில் கால் துணி போலத் துவண்டது. ஒரு கண்ணில் புகை படிந்த மாதிரி மங்கியது. குழாய் போன்ற ஒரு இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, தலைக்கு உள்ளே படம் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். சுருக்கமாக எம்.எஸ். சமையலறையில் எங்களை எல்லாம் நிற்க வைத்து அவரே விளக்கினார்.

"நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கு. கரண்ட் கம்பிக்கு ரப்பர் மாதிரி. உடம்பைக் காக்க வேண்டிய படையே ஆள் தெரியாம அந்த உறையைக் கடிச்சுத் தின்னுது. காவல் நாய் வீட்டுக்காரனையே கடிச்சா எப்படி இருக்கும், அப்படி. ஒட்டுற வியாதி இல்ல. ஆனா போகவும் போகாது. கூடவே இருக்கும், மச்சான் மாதிரி."

அண்ணி, அதாவது அவர் மனைவி, அன்றைக்கு அவரைக் கூட்டிப்போக வந்திருந்தார். "என் தம்பியை எதுக்கு இழுக்கிறீங்க?" என்றார்.

"அவன் நம்ம வீட்ல வந்து உக்காந்து ஏழு வருஷம் ஆகுது. உவமைக்கு நான் எங்கே போவேன்?"

அதற்குப் பிறகு அறிவுரை கொட்டத் தொடங்கியது. தொழிற்சாலையில் முந்நூறு பேர் இருந்தார்கள்; முந்நூறு பேரும் வைத்தியர்கள். ஒருவர் பால் விஷம் என்றார். இன்னொருவர் கோதுமை என்றார். தக்காளி, முட்டை, கத்தரிக்காய், மாலை ஆறு மணிக்கு மேல் எது சாப்பிட்டாலும் விஷம் என்று ஆளாளுக்கு ஒன்று. எல்லாருடைய பேச்சையும் கேட்டுக் கழித்துப் பார்த்தால் கடைசியில் தண்ணீரும் உப்பும்தான் மிஞ்சின. உப்பைக் குறைக்கும்படி டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அண்ணியின் தம்பி ஒரு பச்சைப் பொடி டப்பாவோடு வந்து, "ஊசி மருந்தெல்லாம் நிறுத்திடுங்க மாமா, இது ஒண்ணு போதும்" என்றார். மூன்று நாள் அதைத் தின்றதில் கரண்டியாரின் நாக்கு கிளி நிறத்துக்கு மாறியது. பச்சை நாக்கோடு அவர் சூப் ருசி பார்த்ததைக் கண்டு அன்றைக்குப் பாதிப்பேர் சூப்பே வாங்கவில்லை.

மருத்துவமனையில் இந்த நோய்க்காரர்களின் சாப்பாட்டைக் கவனிக்க ஒரு அம்மா இருந்தார். வயது என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் கரண்டியாரே சுருங்கிவிடுவார். நாங்கள் அவரைச் சாப்பாட்டு அம்மா என்போம்.

"எந்தச் சாப்பாடும் இதைக் குணமாக்காது" என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "யார் அப்படிச் சொன்னாலும் டப்பாவைத் திருப்பிக் கொடுங்க. மருந்தை விடக் கூடாது. ஆனா நல்லாச் சாப்பிட்டா உடம்பு இதைத் தாங்கும். காய், பழம், மீன், பயறு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அளவா. முதல்ல நீங்க என்ன சாப்பிடறீங்கன்னு எனக்குத் தெரியணும். ரெண்டு வாரம், வாயில போற எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க."

கரண்டியாருக்கு அப்போது வலது கையும் நடுங்கியது. எழுதினால் எழுத்து எறும்பாய் ஊர்ந்தது. எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தாலும் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதனால் நோட்டு என்னிடம் வந்தது. அதுதான் அவர் செய்த தப்பு.

முதல் நாள் காலை, "எழுது. தேநீர், ஒண்ணு. சர்க்கரை, ஒரு கரண்டி" என்றார்.

"மூணு போட்டீங்க அண்ணே."

"நீ பாத்திரத்தைப் பாரு, என் கையைப் பார்க்காதே. ஒண்ணுன்னு எழுது."

பொய் எழுத எனக்கு வராது. ஆண்டவன் படிப்பார் என்பது ஒரு பக்கம், சாப்பாட்டு அம்மாவும் படிப்பார். "சர்க்கரை மூன்று. அண்ணன் ஒன்று என்று எழுதச் சொன்னார்" என்று எழுதினேன்.

ருசி பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது என்று அவர் வாதாடினார். "அது சாப்பாடு இல்ல, உத்தியோகம்!" நான் அதையும் எழுதினேன். சூப் பதினொரு கரண்டி. வெண்ணெய்க் குழம்பு ஒன்பது. வறுத்த உருளைக்கிழங்கு, சட்டிக்கு நான்கு துண்டு வீதம் ஏழு சட்டி. ஒரு மிட்டாய் என் பையிலிருந்து பிடுங்கியது. இரண்டாவது மிட்டாய், நான் திரும்பியபோது. ஒவ்வொரு நாளும் பக்கத்தின் கீழே ஒரு வரி இருந்தது. சாப்பாட்டு அம்மா சொன்னபடி அந்த இடத்தை விட்டு வைத்து, சாயங்காலம் நிரப்புவேன். "தண்ணீர்: இல்லை."

இரண்டு வாரம் கழித்து நோட்டோடு நானும் போனேன்; அதைப் படித்த சாப்பாட்டு அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ருசிங்கிற பேர்ல நாலு பேர் சாப்பாடு உள்ளே போயிருக்கு. உக்காந்து ஒரு வேளை சாப்பிடவே இல்ல." பிறகு கடைசி வரிக்கு வந்தார். சிரிப்பு நின்றது. "பதினாலு நாளும் தண்ணீர் இல்லையா?"

கரண்டியார் கூரையைப் பார்த்தார். அண்ணிதான் மெதுவாகச் சொன்னார். "கழிவறை முற்றத்துக்கு அந்தப் பக்கம், ரெண்டு மாடி ஏறணுமாம். இவருக்கு வந்தா அடக்க முடியாது, ஓடவும் முடியாது. அதான் குடிக்கிறதே இல்ல. என்கிட்டயே நேத்துத்தான் சொன்னார்."

அத்தனை பெரிய மனிதர் அப்போது பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் குடிக்காவிட்டால் அந்த அவசரம் கூடுமே தவிரக் குறையாது, மலச்சிக்கல் வரும், சோர்வும் சேரும் என்று சாப்பாட்டு அம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை, இந்த நோயில் பாதிப்பேருக்கு மேல் படும் பாடு இது என்றார். சமையலறைக்குப் பக்கத்தில் விருந்தினருக்கென்று பூட்டியே கிடந்த கழிவறைச் சாவியை மறுநாள் நான் மேனேஜரிடம் கேட்டேன். அவர் "எந்த விருந்தாளிக்கு?" என்றார். "எம்.எஸ்.ஸுக்கு" என்றேன். யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.

கரண்டியார் அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் அன்றிரவெல்லாம் யோசித்துவிட்டு வந்து ஏப்ரனைக் கட்டியபடியே அறிவித்தார்.

"நான் ருசி பார்க்காத எதுவும் இந்தக் கதவைத் தாண்டாது. எனக்கு ஆகாததை நான் ருசி பார்க்க முடியாது. ஆக, எனக்கு ஆகாதது இந்தக் கதவைத் தாண்டாது."

அன்றிலிருந்து முந்நூறு பேருக்கும் பத்தியம். வறுத்த உருளைக்கிழங்கு போயிற்று, வேகவைத்தது வந்தது. மீன் ஆவியில் வெந்தது. வெண்ணெய்க் குழம்பு இருந்த இடத்தில் பயறு. இனிப்புக்குப் பதில் ஆளுக்கு ஒரு ஆப்பிள். குதிகாலுக்கு ஆணி அடிக்கும் பிரிவில் ஒருவர் இருந்தார். ஆள் ஒல்லி, குத்திக் குத்திப் பேசுவார், பட்டப்பெயரும் ஆணிதான். அவர் தட்டோடு அடுக்களைச் சன்னலுக்கு வந்து நின்றார்.

"கரண்டியாரே, உமக்கு வியாதி. எனக்கு என்ன? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"உருளைக்கிழங்கு நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லும்."

"நல்லா இருக்கு. குழந்தைக்குப் பல் முளைக்கிறதுக்கு முன்னாடி குடுக்கலாம்."

ஒரு வாரத்தில் ஆணி இருநூற்றுச் சொச்சம் கையெழுத்து வாங்கிவிட்டார். மனுவில் ஒரே வாக்கியம்: "நாங்கள் தொழிலாளர்கள், நோயாளிகள் அல்ல." மேனேஜருக்கு அது வெல்லக்கட்டி. கரண்டியாரின் தள்ளாட்டத்தைப் பார்த்து முதலில் குடி என்று நினைத்தவர் அவர். இப்போது கம்பெனி டாக்டருக்குக் கடிதம் எழுதினார். வியாழக்கிழமை டாக்டர் வந்து ஒரு முழு ஷிப்ட் பார்ப்பார். ஆள் தேறவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கரண்டியார் அந்தக் கடிதத்தை என்னைப் படிக்கச் சொன்னார். இரண்டு தடவை படித்தேன்.

"வீட்ல மூணு பேருக்குச் சமைக்க எனக்கு வராது தங்கச்சி" என்றார். "நேத்து முயற்சி பண்ணேன். அந்தச் சின்னச் சட்டியைப் பார்த்தாலே என்னமோ மாதிரி ஆகுது. இருபது வருஷமா இந்த முந்நூறு தட்டை நினைச்சுத்தான் காலையில எழுந்திருக்கேன். இது போச்சுன்னா எதுக்கு எழுந்திருப்பேன்?"

நான் அன்றைக்கு வேண்டிக்கொண்டதில் உருளைக்கிழங்கையும் சேர்த்துக்கொண்டேன்.

வியாழன் அன்று வெயில் கொளுத்தியது. போதாததற்குப் புகை இழுக்கும் மின்விசிறி காலையிலேயே நின்றுவிட்டது. இந்த நோய்க்குச் சூடுதான் முதல் எதிரி. உடம்பு சூடேறினால் கண் மங்கும், கால் ஓடாது. குளிர்ந்தால் திரும்ப வரும். அதற்கென்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். காலையில் வயிறார உட்கார்ந்து சாப்பிடுவார். பெரிய அடுப்பு வேலையை வெயில் ஏறுவதற்குள் முடிப்பார். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மீதியை உயரமான முக்காலியில் உட்கார்ந்தபடி செய்வார். அன்றைக்குப் பார்த்து முக்காலியைக் காணோம். "பாதுகாப்பு விதி" என்றார் மேனேஜர். கரண்டியார் பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, எனக்கு ரெண்டு மேனேஜர் தெரியறாங்க. ஒண்ணே அதிகம். கையைக் குடு."

குளிர் அறைக்குள் கொண்டுபோய் மீன் பெட்டி மேல் உட்கார வைத்தேன். உறைந்த பட்டாணி மூட்டை ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சரியாக அந்த நேரத்தில் கம்பெனி டாக்டர் சமையலறைக்குள் வந்தார்.

"சமையல்காரர் எங்கே?"

மேனேஜர் குளிர் அறைக் கதவை அகலத் திறந்து காட்டினார், திருடனைப் பிடித்துக் கொடுக்கிறவர் மாதிரி. கரண்டியார் கண்ணைத் திறக்கவில்லை.

"யாரா இருந்தாலும் உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க. குளிர் போகுது."

டாக்டர் உள்ளே போனார். மேனேஜர் வெளியே நின்றார். ஐந்து நிமிடம் பேச்சுக்குரல் கேட்டது. நடுவில் ஒரு சிரிப்பு. வெளியே வந்தபோது டாக்டரிடமும் ஒரு பட்டாணி மூட்டை இருந்தது. கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தார். "அருமையா இருக்கு" என்றார் பொதுவாக.

பன்னிரண்டு அடிக்க முந்நூறு தட்டும் தயார். ஒரு நிமிடம் பிந்தவில்லை. டாக்டரும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார். கரண்டியார் அண்டா மேலிருந்தே கேட்டார்.

"எப்படி இருக்கு டாக்டர்?"

டாக்டர் நல்ல மனிதர், யோசித்தார். "மீன் பிரமாதம். உருளைக்கிழங்கு... ஆரோக்கியமா இருக்கு."

"கேட்டீங்களா! டாக்டர் வாயாலயே வந்துருச்சு!" என்று பின்வரிசையிலிருந்து ஆணி எழுந்து நின்றார். கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

பிறகு அடுக்களையில் வைத்து டாக்டர் தன் முடிவைச் சொன்னார். "உக்கார முக்காலி, மணிக்கு ஒரு தடவை குளிர் அறை, பக்கத்துலயே கழிவறை. இது மூணும் இருந்தா இவர் வேலை பார்க்கலாம். எழுதியே குடுக்கிறேன்." மேனேஜர் முகம் அவிந்தது. டாக்டர் கரண்டியார் பக்கம் திரும்பினார். "ஆனா உங்க வியாதி உங்களோடது. அதை முந்நூறு பேருக்குப் பரிமாறக் கூடாது. வாரத்துல ரெண்டு நாள் அவங்க கேக்கறதைப் பண்ணுங்க. சம்மதம்னா கையெழுத்துப் போடறேன்."

"ருசி பார்க்காம நான் எதையும் வெளிய விட மாட்டேன்."

"வேற யாராவது பார்க்கட்டுமே."

"யாரு நாக்கை நம்பறது?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நான் வேணா..."

"நீங்க முந்தாநாள் திரிஞ்ச பாலைக் குடிச்சுட்டு நல்லா இருக்குன்னீங்க."

டாக்டரின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. இருபது வருடமாக அந்தக் கதவுக்கும் முந்நூறு தட்டுக்கும் நடுவில் இருந்தது அவர் நாக்கு ஒன்றுதான். அதை விட்டுக்கொடுத்தால் வேலை இருக்கும், விடாவிட்டால் போகும். அவர் தன் உள்ளங்கையில் இருந்த பழைய தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொட்டிப் பக்கம் பார்த்தார்.

"தங்கச்சி, கையைத் துடைச்சுட்டு வா. சர்க்கரை மூணுன்னு எழுதினவ நீதானே? நீ பாரு."

வெள்ளிக்கிழமை முதல் சட்டி உருளைக்கிழங்கு வறுபட்டது. நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். சமையலறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, கரண்டியார் உட்பட. அதுவரை அவர் சமையலில் நான் குறை சொன்னதில்லை. மனதுக்குள் ஆண்டவனைக் கும்பிட்டுக்கொண்டு, "உப்பு பத்தலை அண்ணே" என்றேன்.

"பத்தலையா?"

"பத்தலை."

அவர் ஒரு சிட்டிகை உப்பை எடுத்தார், என்னை முறைத்தார், போட்டார். நான் தலையை ஆட்டினேன். சட்டி இறங்கியது.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அவர் அங்கேதான் இருந்தார். நோய் சில சமயம் அடங்கும், சில சமயம் எகிறும். கைத்தடி வந்தது, அப்புறம் சக்கர நாற்காலியும் வந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தினமும் உட்கார்ந்து எழுந்து பயிற்சி செய்வார். "எண்ணு தங்கச்சி" என்பார். நான் ஏழு என்றால் பத்து என்று வாதாடுவார். வாரத்தில் மூன்று நாள் வேகவைத்தது, இரண்டு நாள் வறுத்தது. அந்த மூன்று நாளும் ஆணி தவறாமல் சன்னலுக்கு வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். கரண்டியார் தவறாமல் வேகவைத்த உருளைக்கிழங்கின் பெருமையைப் பத்து நிமிடம் பேசுவார். இரண்டு பேருக்கும் அது ஒரு மருந்து மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் படி ஏறவே முடியாது என்று ஆனபோது, அண்ணியின் அக்கா ஊரில் தரைத் தளத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். தொலைவான ஊர். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஆண்டவன் நல்லபடியாக வைத்திருக்கட்டும். புறப்படுகிற அன்று முற்றத்தில் வேன் நின்றது. முந்நூறு பேரும் வந்து கை கொடுத்தார்கள். ஆணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணியின் தம்பி நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். கரண்டியார் சன்னல் வழியாக என்னை அருகில் கூப்பிட்டு, யாரும் கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆணிகிட்ட சொல்லிடு தங்கச்சி. அவர் சொன்னது சரிதான். அந்த வேகவச்ச உருளைக்கிழங்கு எனக்கும் ஒரு நாள்கூடப் பிடிக்கல. இப்பச் சொல்லாதே. வண்டி ரெண்டு தெரு தாண்டட்டும்."